ஜெனீவாவுக்கு ஒரு மனு: ஐ.நா. தனிநபர் முறையீட்டுச் சேவை எந்த அளவுக்கு உதவும்?

கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நேரில் போக வேண்டியதில்லை. போனாலும் பொதுவாக உள்ளே கூப்பிட மாட்டார்கள், எல்லாம் எழுத்தில்தான். படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, இணைப்புகளோடு மின்னஞ்சலில் அனுப்பினால் ஓர் அரசையே பதில் சொல்ல வைக்கலாம். ஐ.நா. மனித உரிமைக் குழுக்களின் தனிநபர் முறையீட்டுச் சேவையைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள். சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விடுவதுதான் அதிகம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒவ்வொரு மார்ச்சிலும் தமிழ்ச் செய்திகளில் அடிபடும் ‘ஜெனீவா’, 47 நாடுகள் உட்காரும் மனித உரிமைப் பேரவை. அது அரசியல் மேடை. தனிநபர் முறையீடு போவது அங்கே அல்ல. ஐ.நா.வின் ஒவ்வொரு மனித உரிமை ஒப்பந்தத்துக்கும் ஒரு நிபுணர் குழு உண்டு. அவற்றில் எட்டுக் குழுக்கள் இப்போது முறையீடுகளை வாங்குகின்றன. அதிகம் புழங்குவது மனித உரிமைக் குழு. 18 உறுப்பினர்கள், ஆண்டுக்கு மூன்று அமர்வுகள். 1976இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையையும், தனிநபர் முறையீட்டுக்கு வழிவிடும் அதன் முதல் விருப்ப நெறிமுறையையும் வைத்து இயங்குவது. நாடுகடத்தலை நிறுத்த வேண்டியவர்கள் பெரும்பாலும் தட்டுவது சித்திரவதைக்கு எதிரான குழுவின் கதவை.

எந்தக் கதவைத் தட்டலாம் என்பது உங்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பொறுத்ததல்ல, எந்த நாட்டுக்கு எதிராக எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தியா 1979இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. எட்டுக் குழுக்களில் எதற்கும் தனிநபர் முறையீட்டை விசாரிக்கும் அதிகாரத்தை இந்தியா கொடுக்கவில்லை. ஆகவே இந்திய அரசுக்கு எதிராக இந்தப் படிவத்தை நிரப்புவது வீண் உழைப்பு. (கடைசியில் இன்னொரு வழி சொல்கிறோம்.) மலேசியாவும் சிங்கப்பூரும் உடன்படிக்கையிலேயே சேராதவை. பிரிட்டன் பெண்கள் உரிமைக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கும் மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கு எதிராக மனித உரிமைக் குழுவுக்குப் போக முடியாது, சித்திரவதைக்கு எதிரான குழுவுக்குப் போகலாம். அங்கே தஞ்சம் மறுக்கப்பட்ட ஈழத்தமிழர்களின் வழக்குகள் பல அந்த வழியில்தான் போயின. கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே எல்லாம் மனித உரிமைக் குழுவை ஏற்றவை. இலங்கை 1997 அக்டோபர் 3 அன்று ஏற்றது. அதற்கு முன் நடந்தவற்றைக் கொண்டு போனால் காலவரம்பைக் காட்டித் தள்ளுபடி செய்ய இலங்கைக்கு இடமிருக்கிறது.

சரி, நாடு பொருந்துகிறது. அடுத்து வருவதுதான் பெரும்பாலான மனுக்கள் சாகிற இடம்: உள்நாட்டில் உள்ள சட்ட வழிகளை முழுவதும் பயன்படுத்தி முடித்திருக்க வேண்டும். ‘எங்கள் நாட்டு நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். போதாது. வழி இருந்தும் பயனில்லை என்றோ, அளவுக்கு மீறி இழுத்தடிக்கப்பட்டது என்றோ காட்டினால் விலக்குண்டு. ஆனால் தேதி வாரியாக, உத்தரவு எண்ணோடு காட்ட வேண்டும். சந்தேகம் மட்டும் இருந்தால் விலக்கில்லை.

இதற்கு நல்ல பாடம் 2019 செப்டம்பரில் 16 சிறுவர் சிறுமியர் குழந்தைகள் உரிமைக் குழுவில் போட்ட காலநிலை வழக்கு. கிரெட்டா துன்பெர்க் அதில் ஒருவர். உத்தராகண்டைச் சேர்ந்த ரித்திமா பாண்டே இன்னொருவர். எதிர்த்தரப்பு அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி. ஓர் இந்தியச் சிறுமி இந்தியாவை விட்டுவிட்டு இந்த ஐந்தையும் எதிர்த்தது ஏன் என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. காரணம் எளிது: அந்தக் குழுவின் முறையீட்டு நடைமுறையை இந்தியா ஏற்கவில்லை, இந்த ஐந்தும் ஏற்றிருந்தன. 2021 அக்டோபரில் வந்த முடிவில், எல்லை தாண்டிப் போகும் கார்பன் உமிழ்வுக்கு அது புறப்பட்ட நாடே பொறுப்பாகலாம் என்று குழு ஒப்புக்கொண்டது. யாரும் எதிர்பார்க்காத பெரிய விஷயம் அது. ஆனால் ஐந்து நாட்டு நீதிமன்றங்களில் ஒன்றைக்கூட முயன்று பார்க்கவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டது. கதவைத் திறந்து, வாசற்படியிலேயே நிறுத்திய கதை.

இலங்கையில் இருந்து போகிறவர்களுக்கு இந்தப் படி இன்னும் வழுக்கும். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். பிடித்துக்கொண்டு போன பிள்ளை எந்த முகாமில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. பலருக்குத் தெரியாத வசதி இது. அங்கே கொடுக்கும் பற்றுச்சீட்டைத் தொலைக்கக் கூடாது. ஆனால் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்ததையே உள்நாட்டு வழி முடிந்ததற்குச் சான்றாகக் காட்டினால் ஜெனீவாவில் பொதுவாக எடுபடாது. நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோர் விஷயத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அது எத்தனை தவணை தள்ளிப்போனது என்ற பட்டியல், இரண்டும் மனுவுக்கு முதுகெலும்பு.

உள்நாட்டு நீதிமன்றத்தில் உடன்படிக்கையின் உறுப்புரை எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த உரிமையின் சாரத்தை அங்கே எழுப்பியிருக்க வேண்டும். கீழே எங்குமே பேசாத சித்திரவதையை முதன்முதலாக ஜெனீவாவில் பேசினால் அரசுத் தரப்பு முதல் பதிலிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சேவை நன்றாக வேலை செய்வதும் செய்யாததும், ஜெனீவாவுக்கு எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்னால், உள்ளூர் வக்கீல் எழுதிய மனுவில் பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது.

கெடு தனி. மனித உரிமைக் குழுவுக்கு உள்நாட்டு வழிகள் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தாண்டினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். இனப்பாகுபாட்டுக் குழுவுக்கு ஆறே மாதம். குழந்தைகள் உரிமைக் குழுவுக்கும் பொருளாதார, சமூக உரிமைக் குழுவுக்கும் ஓராண்டு. ஒரே விஷயத்தை இரண்டு சர்வதேச அமைப்புகளில் ஒரே நேரத்தில் போட்டால் இரண்டும் கெடும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமா, ஜெனீவாவா என்று முதலிலேயே முடிவெடுத்துவிடுவது நல்லது. சித்திரவதைக்கு எதிரான குழு, வேறோர் இடத்தில் முன்பே விசாரித்து முடிந்ததையும் எடுக்காது.

படிவம் கடினமில்லை. அந்தப் படிவத்தில் முறையீட்டாளருக்குப் பெயர் ‘ஆசிரியர்’ (author). சிறையில் நகம் பிடுங்கப்பட்டவரும் அங்கே ஆசிரியர்தான். முதல்முறை படிப்பவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். உங்கள் விவரம், எந்த நாடு, எந்த உறுப்புரைகள், தேதி வரிசையில் நடந்தது, உள்நாட்டில் எடுத்த நடவடிக்கைகள், வேறு சர்வதேச அமைப்புக்குப் போனீர்களா, என்ன நிவாரணம் கேட்கிறீர்கள். இவ்வளவே. வேறொருவர் உங்களுக்காக அனுப்பினால் கையெழுத்திட்ட வக்காலத்து வேண்டும். காணாமல் போனவருக்காகவும் சிறையில் தொடர்புகொள்ள முடியாதவருக்காகவும் குடும்பத்தினர் எழுதலாம். பொதுநல வழக்கு என்று ஓர் அமைப்பு தன் பெயரில் போட முடியாது. பாதிக்கப்பட்ட ஆள் வேண்டும்.

தமிழில் எழுதினால் எடுக்க மாட்டார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்யன்: செயலகம் இந்த நான்கில்தான் வேலை செய்கிறது. ‘இலவச’ச் சேவையில் கைக்காசு கரைவது மொழிபெயர்ப்பில்தான். 200 பக்க நீதிமன்றப் பதிவேட்டை முழுவதும் பெயர்க்க வேண்டியதில்லை. தீர்ப்பின் காரணப் பகுதி, மருத்துவ அறிக்கை, சத்தியக் கடதாசி ஆகியவற்றை முழுதாகவும், மற்றவற்றைச் சுருக்கமாகவும் கொடுத்தால் போதும். மூலப் பத்திரங்களை அனுப்பக் கூடாது, நகல்தான். ஒவ்வோர் இணைப்புக்கும் எண் போட்டு, மனுவின் பத்தியில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். பத்திகளுக்கும் எண் வேண்டும். இரண்டு தரப்பும் பிறகு பத்தி எண்ணைச் சொல்லித்தான் சண்டை போடுவார்கள்.

தமிழ்ப் பெயர்கள் தனித் தலைவலி. கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக முன்னால், பொலிஸ் அறிக்கையில் முதலெழுத்து மட்டும், நீதிமன்ற உத்தரவில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. படிக்கிறவருக்கு அது மூன்று ஆட்கள். மனுவின் தொடக்கத்திலேயே ‘இந்த மூன்றும் ஒருவரே’ என்று ஒரு பத்தி எழுதிவிட்டால் திரும்ப விளக்கம் கேட்டு வரும் கடிதத்தையும் சில மாதங்களையும் மிச்சப்படுத்தலாம். தேதிகளும் அப்படியே: தஞ்ச நேர்காணலில் சொன்ன கைதுத் தேதியும் மனுவில் உள்ள தேதியும் வேறுபட்டால், நம்பகத்தன்மை போயிற்று என்று அரசு எழுதும். வேறுபாடு இருந்தால் மறைக்காமல், ஏன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். உடற்காயங்களுக்கு சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி எழுதப்பட்ட மருத்துவ அறிக்கை கிடைத்தால் அதன் எடையே வேறு.

உங்கள் பெயர் அரசுக்குக் கட்டாயம் போகும். வெளியிடப்படும் முடிவில் முதலெழுத்துகள் மட்டும் வர வேண்டும் என்று கேட்கலாம், அவ்வளவுதான். ஊரில் குடும்பம் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் யோசிக்க வேண்டிய இடம் இது.

சேவையின் ஆகச் சிறந்த பகுதி இடைக்கால நடவடிக்கை. முறையீடு முடியும்வரை நாடுகடத்தாதே, தூக்கிலிடாதே என்று குழு அரசிடம் கேட்கும். இதற்கான கோரிக்கையை மின்னஞ்சலின் பொருள் வரியிலேயே அவசரம் என்று போட்டு, விமானத் தேதியும் நேரமும் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். வெள்ளி மாலை அனுப்பிவிட்டு ஞாயிறு இரவு விமானத்தை நிறுத்தச் சொன்னால் நடக்காது. ஜெனீவா கோடையில் நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது, விடுமுறைகளும் வேறு. ‘இலங்கையில் தமிழர்களுக்கு ஆபத்து’ என்ற பொது அறிக்கைகளை மட்டும் இணைத்த மனுக்கள் தோற்பது வழக்கம். ஆபத்து இந்த ஆளுக்கு, முன்கூட்டியே காணக்கூடியதாக, இப்போதும் உண்மையாக இருக்கிறது என்று காட்ட வேண்டும்: வீட்டுக்கு வந்து விசாரித்தது யார், எந்தத் தேதியில், எந்த அழைப்பாணையோடு. பல அரசுகள் இந்த இடைக்காலக் கோரிக்கைக்குக் கட்டுப்படுகின்றன. கட்டுப்படாதவையும் உண்டு.

பிறகு காத்திருப்பு. பதிவானதும் அரசுக்கு ஆறு மாதம். அதன் பதிலுக்கு உங்கள் மறுமொழிக்கு வழக்கமாக இரண்டு மாதம். ஒரு வருடத்தில் முடிந்துவிடும் போலத் தோன்றும். அதற்குப் பிறகுதான் வரிசை. சில ஆண்டுகளாக ஐ.நா.வைப் பிடித்திருக்கும் பணத்தட்டுப்பாட்டில் காலிப் பணியிடங்களை நிரப்புவதை நிறுத்தி வைத்தார்கள்; மனுக்களைப் படித்து வரைவு எழுதுவது அந்தப் பணியிடங்களில் இருப்பவர்கள்தான். வழக்கமான வரவுசெலவில் 22 விழுக்காடு அமெரிக்கா தர வேண்டியது. அது தாமதமானால் கடைசியில் காத்திருப்பது யாழ்ப்பாணத்துத் தாய். பெரிய நாடுகளின் பாக்கியும் உங்கள் கோப்பின் வேகமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை இந்தச் சேவையைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வதில்லை.

முடிவு வந்தபின்? இரண்டு எல்லைகளையும் பார்த்தால் போதும்.

இலங்கைத் தமிழரான சிங்கராசாவின் வழக்கு. 1993இல் கைது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை. அது கட்டாயப்படுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில். 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35ஆகக் குறைந்தது. 2004 ஜூலையில் மனித உரிமைக் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: விடுதலை செய் அல்லது மறுவிசாரணை நடத்து, இழப்பீடு கொடு. அதை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனபோது, 2006 செப்டம்பரில் அந்த நீதிமன்றம், விருப்ப நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று கூறிவிட்டது. இலங்கை நெறிமுறையிலிருந்து விலகவும் இல்லை. கடை திறந்திருக்கிறது, பில் போடுகிறார்கள், சரக்குதான் வீடு வந்து சேராது.

மறு எல்லை ஸ்பெயின். பிரிந்த கணவன் மேற்பார்வையில்லாத சந்திப்பின்போது மகளைக் கொன்றுவிட்டான். பல முறை எச்சரித்தும் அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாய் பெண்கள் உரிமைக் குழுவில் 2014இல் வென்றார். 2018 ஜூலையில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம், அந்த முடிவுக்கு அரசு கட்டுப்பட்டாக வேண்டும் என்று சொல்லி 6 லட்சம் யூரோ இழப்பீடு கொடுக்க வைத்தது. ஒரே மாதிரித் தாள்தான் இரண்டு நாட்டுக்கும் போனது.

நடுவில் இருப்பது ஆஸ்திரேலியா. உளவுத் துறையின் இரகசியப் பாதுகாப்பு மதிப்பீட்டால் காலவரையின்றி அடைக்கப்பட்ட அகதிகள் 37 பேர், ஒருவரைத் தவிர அனைவரும் இலங்கைத் தமிழர், 2011இல் மனுப் போட்டார்கள். 2013 ஜூலையில் குழு அவர்கள் தடுப்பைத் தன்னிச்சையானது என்றது. அரசு அதை ஏற்றுக்கொண்டு ஒரே நாளில் கதவைத் திறக்கவில்லை. ஆனால் உள்நாட்டு வழக்குகளும் இந்த மனுவும் சேர்ந்து கொடுத்த நெருக்கடியில், அந்த மதிப்பீடுகளை மறுஆய்வு செய்யத் தனி ஆய்வாளர் 2012இலேயே நியமிக்கப்பட்டார். பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இந்தச் சேவை வெற்றி பெறும்போது பெரும்பாலும் இப்படித்தான்: தனியாக அல்ல, உள்ளூர் வழக்குக்கு முட்டுக்கொடுத்து.

புதுவகைப் பிரச்சினைகளில் குழு காட்டும் துணிச்சல் வியக்க வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவுகளான போய்கு, பொருமா, வாராபர், மசிக் ஆகியவற்றில் கடல் ஏறி மூதாதையர் கல்லறைகள் உடைந்து எலும்புகள் சிதறின. 2019இல் தீவுவாசிகள் மனுப் போட்டார்கள். கடற்சுவர் போன்ற பாதுகாப்பை நேரத்தில் செய்யாதது குடும்ப வாழ்வுக்கும் பண்பாட்டுக்குமான உரிமைகளை மீறியது என்று 2022இல் முடிவு வந்தது. உயிர்வாழும் உரிமை மீறப்பட்டதாகச் சொல்லவில்லை. பசிபிக் தீவு நாடான கிரிபாஸைச் (கிரிபாட்டி) சேர்ந்த ஒருவர் நியூசிலாந்துக்கு எதிராகத் தோற்ற வழக்கிலும், காலநிலையால் வாழ முடியாமல்போன இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உரிமை மீறலாகலாம் என்ற வாசகம் கிடைத்தது. அவரோ 2015இலேயே நாடுகடத்தப்பட்டிருந்தார். 2025 ஜனவரியில், தஞ்சம் கேட்ட சிறுவர்களை நவுரு தீவில் வைத்துவிட்டு ‘அது வேறு நாடு’ என்ற ஆஸ்திரேலியாவின் வாதத்தைக் குழு தள்ளியது. அந்தச் சிறுவர்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் உண்டு. அகதிகளை வேறு நாட்டுக்குக் குத்தகைக்கு விடும் யோசனை ஐரோப்பாவில் சூடுபிடித்திருக்கும் நேரத்தில், வழக்கறிஞர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய முடிவு.

அரசுகள் தன் முடிவை எப்படி நிறைவேற்றின என்பதற்குக் குழு ‘ஏ’ (A) முதல் ‘இ’ (E) வரை மதிப்பெண் போடும். அதே அளவுகோலில் சேவைக்குப் போட்டால், சட்டத் தரத்துக்கு ஏ, இடைக்கால நடவடிக்கைக்கு பி, வேகத்துக்கு டி. நிறைவேற்றத்துக்கு நாட்டைச் சொன்னால்தான் மதிப்பெண் சொல்ல முடியும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சொன்ன வழி: மனித உரிமைப் பேரவை நியமிக்கும் தனி நிபுணர்களான சிறப்பு அறிக்கையாளர்கள். இந்தியா எதையும் ஏற்றிருக்கத் தேவையில்லை, உள்நாட்டு வழக்கு முடிந்திருக்கவும் தேவையில்லை. இணையப் படிவத்தில் நடந்ததை எழுதினால், நிபுணர்கள் விரும்பினால் அரசுக்குக் கடிதம் எழுதுவார்கள். வழக்கமாக 60 நாள் கழித்துக் கடிதமும் பதிலும் பொதுவில் வரும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் அவசியம். தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அதே மாதம் 31ஆம் தேதியே ஐ.நா. நிபுணர்கள் கண்டித்து அறிக்கை விட்டார்கள். இந்த வழியில் அவ்வளவு வேகமும் சாத்தியம். தீர்ப்பு கிடைக்காது, இழப்பீடு கிடைக்காது. சிறையில் இருப்பவருக்கு இன்னொன்று உண்டு: தன்னிச்சைக் காவல் பற்றிய செயற்குழு. கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினால் அரசுக்கு 60 நாள் கெடு வைத்துக் கேட்டு, இந்தக் காவல் தன்னிச்சையானதா இல்லையா என்று எண் போட்ட கருத்துரை தரும். பிணை மனுவோடு இணைக்க அது உதவும். அனுப்பும்போது கைது உத்தரவின் நகல், ரிமாண்ட் தேதிகள், வழக்கு எண் மூன்றும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.